பாபுராவ் ஷேட்டின் பிரஸ்ஸும் என் ரப்பர் ஸ்பிரிங்கும்

உலகத்தில் எது ஆடினாலும் எனக்குச் சோறு. எதுவுமே ஆடாத ஊரில் பிறந்திருந்தால் பட்டினி கிடந்திருப்பேன். பூனாவில் அந்தக் கவலை இருக்கவில்லை. தொண்ணூறுகளில், போசரியில் இருந்த ஒரு சின்ன ரப்பர் பட்டறைக்கு விற்பனையாளன், என்ஜினியர், மூட்டை தூக்குபவன், திட்டு வாங்குபவன் எல்லாம் நான்தான். மிஷின்களுக்கு அடியில் வைக்கிற இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்கிறதே, அது அடி வாங்கினால் துள்ளும், கிணுகிணுக்கும், வாங்கியதில் பாதியைத் தரைக்கும் பகிர்ந்து கொடுக்கும். அதன் இரண்டு முனையிலும் ரப்பர் தட்டு, சுருளைச் சுற்றி ரப்பர் உறை என்று மாட்டி அதன் வாயை அடைப்பதுதான் எங்கள் தொழில்.

ஒரு சாமானை விற்றுவிட்டு, விற்ற பாவத்துக்காக வாங்கியவன் பின்னால் மாசக்கணக்கில் அலைந்தவர்கள் இதைப் படித்தால் என் தோளில் கை போடுவீர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், அது என் சுபாவம். ஆனால் அவரவர் பேசிய வார்த்தையில் கை வைக்கவில்லை. மராத்தியில் சொன்னதைத் தமிழாக்கியதோடு சரி.

நடந்து வந்த பிரஸ்

கட்கிக்கு அடுத்த ஸ்டேஷன் தாபோடி. அங்கே பாபுராவ் ஷேட்டுக்கு இரும்புத் தகடு வெட்டுகிற ஷெட் இருந்தது. இருபத்திரண்டு ஆட்கள், நடுவில் நூறு டன் பிரஸ் ஒன்று. அது ஓங்கி ஒரு அடி அடித்தால் தெருவே ஒரு தடவை விக்கும். அந்தத் தெரு எருமைகள் பாலுக்குப் பதில் நேராக மோரே கறந்தன என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான். பின்சுவரை ஒட்டி வீடு கட்டியிருந்த லில்லி டீச்சர் என்பவர் புகார் எழுதிப் போட, கேம்ப் பகுதியில் இருந்த சர்க்கார் ஆபீஸிலிருந்து ஷேட்டுக்கு நோட்டீஸ் வந்தது. தசராவுக்குள் அதிர்வு அடங்காவிட்டால் கரண்ட் கட், ஷெட்டுக்குச் சீல். பிரஸ் நின்றால் இருபத்திரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஷேட் எங்களைக் கூப்பிடவில்லை. அவருக்கே எல்லாம் தெரியும். பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாருக்குப் போய், ரயில் பெட்டியில் உழைத்து ஓய்ந்த நான்கு சுருள் ஸ்பிரிங்கைப் பொறுக்கி வந்து பிரஸ்ஸின் காலுக்கு ஒன்றாகச் சொருகிவிட்டார். பிரஸ் அடித்தது, ஸ்பிரிங் துள்ளியது, அது துள்ளி முடிப்பதற்குள் அடுத்த அடி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிரஸ் ஒரு விரற்கடை வாசல் பக்கம் நகர்ந்தது. நோட்டீஸ் விஷயம் காதில் விழுந்து, மூக்கு வியர்த்து, நான் போய்ச் சேர்ந்தபோது அது வாசலுக்கே வந்து என்னை வரவேற்றது. பிரஸ் ஓட்டுகிற துக்காராம் தன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தான். எத்தனை நாளாக இந்தக் கூத்து என்று கேட்டேன். பூனாவில் தெற்கத்திக்காரன் எவனும் அண்ணாதான், நானும் அண்ணாதான்.

"நாள் கணக்கு தெரியல அண்ணா. திங்கட்கிழமை ஃபேனுக்குக் கீழே உக்காந்து வேலையை ஆரம்பிச்சேன், இப்ப வெயில்ல உக்காந்திருக்கேன்."

செருப்பு வியாபாரி

ரப்பர் என்ற வார்த்தையை எடுத்ததுமே ஷேட் தன் காலைத் தூக்கி, போட்டிருந்த ஹவாய் செருப்பைக் காட்டினார். ரப்பருக்கு அவர் மனசில் இருந்த இடம் அதுதான். நூறு டன் இரும்பின் கீழே செருப்பை வைக்கச் சொல்கிற மதராஸியை ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

பையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அவர் மேஜையில் நிறுத்தி ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினேன். ணங்கென்று பாடியது. நான் டீயைக் குடித்து முடித்து, கண்ணாடி கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோதும் பாடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே ஸ்பிரிங்குக்கு ரப்பர் உறையைப் போட்டு, அடியில் ரப்பர் தட்டை வைத்து, அதே தட்டுத் தட்டினேன். தொப். அவ்வளவுதான். இரும்பு வாங்கிய அடியை மறக்காது, அடுத்தவன் தலையில் இறக்கும்வரை குதித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் அடியை உள்ளே வாங்கி, கொஞ்சம் சூடாகி, அத்தோடு மறந்துவிடும் என்று விளக்கினேன். ஷேட் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மூலையில் உட்கார்ந்து சலான் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி, நாங்களெல்லாம் வஹினி என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அம்மாள், அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அப்படின்னா முதல்ல ஷேட்டுக்கு ஒண்ணு மாட்டுங்க அண்ணா, அப்புறம் பிரஸ்ஸுக்குப் பார்த்துக்கலாம்."

பென்சில் கோடுகள்

ஆர்டரில் கையெழுத்துப் போட்டது வஹினிதான். ரப்பர் வார்த்து வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் புகாரையே வாபஸ் வாங்க வைத்துவிட்டால் என்ன என்று எனக்கு ஒரு குறுக்குப் புத்தி. லில்லி டீச்சர் தமிழ் என்று தெரிந்திருந்தது. பூனாவில் பேர்போன பலகாரமான பாகர்வடியை அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, முகத்தில் ஒரு சொந்தக்காரச் சிரிப்பையும் மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

டீச்சர் கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் இந்த இரண்டு அறை வீட்டில்தான் கிடந்தது. வீடு முடிந்த வருஷமே அவரும் போய்விட்டார். ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிக் கட்டில் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேதக்கோயிலிலிருந்து வந்த கையோடு, அது எங்கே வந்து நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவாராம். வளர்கிற பிள்ளைக்கு உயரம் குறித்த மாதிரி வரிசையாகக் கோடுகள். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு கொஞ்சம் வாடியது.

ஆனாலும் வந்த காரியத்தை விட முடியுமா? டீச்சரின் பேச்சில் பாளையங்கோட்டை அடித்தது. எங்கள் அப்பாவும் பாளையங்கோட்டைதான் என்று ஒரு போடு போட்டேன். எங்கள் அப்பா வேலூர். எந்தத் தெரு, எந்தக் கோயில், பாதிரியார் யார் என்று டீச்சர் மூன்றே கேள்வி கேட்டார். மூன்றுக்கும் நான் பாகர்வடிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொட்டலத்தை என் பக்கமே தள்ளிவிட்டு, காப்பியை மட்டும் கொண்டுவந்து வைத்தார். பூனாவில் பழுத்த தமிழர்கள் மாதிரி அவரும் சுவரை தீவார் என்றுதான் சொல்வார்.

"பொய் சொன்னாலும் வந்தவருக்குக் காப்பி குடுக்கணும்லா, குடிங்க தம்பி. ஆனா இந்தத் தீவாருல வருத விரிசல் யாரு எந்த ஊருன்னு கேட்டுட்டு வரல, அது நின்னா நான் எழுதின புகாரை நானே கிழிச்சுப் போடுதேன்."

ஆடக் கற்றுக்கொண்ட மிஷின்

ரப்பர் வைத்த ஸ்பிரிங்குகளை ஒரு சனிக்கிழமை மாட்டினோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு காலிலும் பொருத்தி, மட்டம் பார்த்து இறக்கினோம். துக்காராம் பெடலை மிதித்தான். நான் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துப் பார்த்தேன். தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி என்னவோ கேட்டது, அது என் மூச்சாகவும் இருக்கலாம். தரை அசையவில்லை. ஆனால் மேலே பிரஸ் லேசாக ஆடியது. அப்படித்தான் ஆட வேண்டும். ஆட்டத்தை மேலேயே வைத்துக்கொண்டு கீழே விடாமல் இருப்பதற்குத்தானே இத்தனையும். இதை ஷேட்டுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவர் இரண்டு தடவையும் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற முட்டாள்தனம் எனக்கு அந்த வயசிலும் போகவில்லை.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு விரிசல் பென்சில் கோட்டை ஒரு முழ நீளம் தாண்டியிருந்ததாகத் தகவல் வந்தது. முழம் என்பது என் கணக்கு, டீச்சரின் கணக்கில் அரை அங்குலம். ஓடிப் போய்ப் பார்த்தால், பிரஸ்ஸின் நாலு காலிலிருந்தும் தரைக்கு ஆங்கிள் இரும்பு வைத்து கெட்டியாக வெல்டிங் அடித்திருக்கிறது. நடுவில் எங்கள் ஸ்பிரிங்குகள், வேலை எதுவும் கொடுக்காத கல்யாண வீட்டில் நிற்கிற உறவுக்காரர்கள் மாதிரி சும்மா நின்றன. பிரஸ் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஷேட்டுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். மூன்றாம் நாள் வெல்டரைக் கூப்பிட்டுவிட்டார். இருப்பதிலேயே பெரிய அதிர்ச்சி எனக்கு, அவர்தான் என்மேல் கோபமாக இருந்தார்.

"ஆடுறதை நிறுத்தத்தான் உன்னை உள்ள விட்டேன். நீ அதுக்கு ஆடவே கத்துக் குடுத்துட்டுப் போயிட்டியே."

எண்ணெய் முழுக்கு

ஆங்கிள் இரும்பை வெட்டி எடுக்கும்வரை நான் ஷெட்டை விட்டு நகரவில்லை. டீச்சர் வீட்டு விரிசல் இரண்டு வாரம் நின்றது. எங்கள் முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். கணபதி வந்தார், போனார். ஷெட்டில் ஒன்றரை நாள் வைத்த கணபதியைக் கரைத்துவிட்டு வந்த மறுநாளே துக்காராம் போன் பண்ணினான், பிரஸ் ஒரு பக்கமாகச் சாய்கிறது, தரை மறுபடி குதிக்கிறது என்று.

போய்க் குனிந்து பார்த்தால் என் ரப்பர் தட்டுகள் டீயில் நனைத்த பாவ் ரொட்டி மாதிரி உப்பிக் கொழகொழவென்று பிதுங்கிக் கிடந்தன. அந்த ஷெட்டில் சகாராம் என்று ஒரு வயசான ஆயில்மேன். எண்ணெய்க் கேனைக் கையில் வைத்துக்கொண்டே பிறந்தவர். நாங்கள் மாட்டிய நாளிலிருந்து தினம் காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, பழைய இன்ஜின் ஆயிலை ஒவ்வொரு ரப்பர் மேலும் நிதானமாக ஊற்றி, துணியால் பளபளவென்று துடைத்திருக்கிறார். சாதாரண ரப்பருக்கு எண்ணெய் விஷம். எண்ணெய் புழங்குகிற இடத்தில் அதைத் தாங்குகிற ரப்பரைப் போடாதது எங்கள் தப்பு. அதை நான் அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அங்கே சகாராமைத்தான் பிடித்துக் கத்தினேன். கிழவர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இரும்புக்கெல்லாம் குடுக்கிறேன். புதுசா வந்த பிள்ளைக்கு மட்டும் குடுக்காம இருந்தா அது என்ன நியாயம் அண்ணா?"

மூன்றே கட்டம்

எண்ணெய் தாங்கும் ரப்பரில் புதுத் தட்டுகளை வார்த்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாட்டி முடித்தோம். ஒரு மணி நேரம்தான் ஓட்டிப் பார்க்க முடிந்தது. மறுநாள் காலை ஷெட் வாட்ச்மேன் ஷேட்டுக்குப் போன் பண்ண, ஷேட் எனக்குப் போன் பண்ணினார், ஆபீஸிலிருந்து அளவெடுக்க ஆள் வந்திருக்கிறார் என்று. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஏனென்றால் அன்றைக்கு வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பங்கு போடுவதற்காக அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வியாழன்தான் வார விடுமுறை. தாபோடியில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூட இது தெரியும். கேம்ப்பிலிருந்து வந்த குல்கர்ணி சாகேபுக்குத் தெரிந்ததெல்லாம், வியாழக்கிழமை சாலையில் லாரி இல்லாமல் சுகமாக வரலாம் என்பதுதான்.

சாகேப் மரப்பெட்டியைத் திறந்து, வெல்வெட்டிலிருந்து மீட்டரை எடுத்து, ஓடாத பிரஸ்ஸின் பக்கத்தில் வைத்தார். முள் படுத்துக் கிடந்தது. பின்சுவரில் வைத்தார். அங்கேயும் படுத்துக் கிடந்தது. இரண்டு இடத்திலும் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்த்தார். சாகேப், மிஷின் ஓடவில்லையே என்று நான் வாயைத் திறந்தேன். ஷேட் என் காலை மிதித்தார். அதே ஹவாய் செருப்புதான். ஆனால் டீச்சரின் காலை யார் மிதிப்பது? அவர் கொல்லைப் பக்கமாக வந்து நின்று, இன்றைக்கு லீவு, மிஷினை ஓட்டாமல் என்ன அளவெடுக்கிறீர்கள் என்று சுத்தமான மராத்தியில் கேட்டார். சாகேப் 'பூஜ்யம்' என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, பேனாவை மூடிய பிறகுதான் பதில் சொன்னார்.

"என் ஃபாரத்துல இடம், தேதி, அளவுன்னு மூணே கட்டம்தான் மேடம். மிஷின் ஓடுச்சான்னு கேக்கிற கட்டமே இல்லை."

அதிகரித்த அதிர்வு

ஷேட் ஊருக்கெல்லாம் பேடா கொடுத்தார். டீச்சர் அதைத் தொடவில்லை. பஸ் மாறி கேம்ப்புக்குப் போய், ஓடுகிற மிஷினை அளந்தால்தான் ஆயிற்று என்று ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர சந்தோஷம். இரண்டு தடவை வார்த்து மாட்டிய ரப்பர், பரீட்சை எழுதாமலே பாஸ் ஆவதில் என்ன பெருமை? இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தசராவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, குல்கர்ணி சாகேப் மறுபடி பெட்டியோடு வந்தார். பிரஸ் முழு மூச்சில் அடித்தது. மீட்டரின் முள் ஒரு மயிரிழை எழுந்து நின்றது. அனுமதித்த அளவுக்கு அது பக்கத்தில்கூடப் போகவில்லை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாராட்டுக்குத் தயாரானேன்.

சாகேப் பழைய காகிதத்தை எடுத்தார். அதில் பூஜ்யம். புதிய காகிதத்தைப் பார்த்தார். அதில் என்னவோ கொஞ்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'கடந்த ஆய்வைவிட அதிர்வு அதிகரித்துள்ளது' என்று எழுதினார். அதிகரித்தால் சீல் என்பது விதி. அனுமதித்த அளவு என்று ஒன்று இருக்கிறதே என்று வஹினி கேட்டதற்கு, அது முதல் ஆய்வுக்கு, இரண்டாவது ஆய்வு ஒப்பீட்டுக்கு என்றார். தசராவுக்கு முன்னால் அதிர்வைப் பழைய அளவுக்கே, அதாவது பூஜ்யத்துக்கே, கொண்டுவந்தாக வேண்டும், இன்னும் ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பேன் என்றார். துக்காராம் சொல்லாமலே பிரஸ்ஸை நிறுத்திவிட்டான். இருபத்திரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். ஷேட் ஒரு தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். எந்த அடியையும் வாங்கி அடுத்தவன் தலையில் இறக்குகிற மனுஷன், இதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாகேப் டைரியைப் பிரித்து, எந்த நாள் சௌகரியம் என்று கேட்டார். கொல்லைப் பக்கமாக வந்து நின்றிருந்த டீச்சர் அந்த இருபத்திரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் தன் வீட்டு விரிசல் பென்சில் கோட்டை விட்டு அசையவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். தான் கேட்டு வாங்கிய ஆய்வால்தான் ஷெட் மூடப்போகிறது என்பதும் தெரியும். புகாரை இப்போதே வாபஸ் வாங்குகிறேன் என்றார். கோப்பு திறந்தது திறந்ததுதான், இனி அளவுதான் பேசும் என்றார் சாகேப். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பிள்ளையை முப்பது வருஷம் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்திய அந்தக் கணக்கு டீச்சர், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வியாழக்கிழமை வாங்க சாகேப், அன்னைக்குத்தான் நாங்க எல்லாரும் சௌகரியமா இருப்போம்."

அவர் வந்தார், முள் படுத்தது, ஷெட் பிழைத்தது. ஆக, இரும்பின் ஆட்டத்தை ரப்பர் அடக்கிவிடும், ஆபீஸ் காகிதத்தின் ஆட்டத்தை அடக்குவதற்குத்தான் வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் வேலை செய்யாமல் இருக்க வேண்டியிருக்கிறது.